ஓர் இழை

இந்த அறையின் ட்யூப்லைட் துடிக்கிறது, மேடம். உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அங்கேயேதான் போகிறது. ஸ்டார்ட்டரை மாற்றினால் சரியாகிவிடும். ஒரு ஸ்டூல் கொடுத்தால் நானே மாற்றித் தருவேன். வேண்டாமென்றால் சரி. கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது, அதற்காகத்தான் கேட்டேன்.

என் சட்டைப் பையிலிருந்து எடுத்தவற்றை மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்கள். சாவிக்கொத்து, கைபேசி, கைக்குட்டை, அந்தக் கறுப்புப் பெட்டி. பெட்டியை மட்டும் கொஞ்சம் ஓரமாக வைக்கலாமா? நான் தொடமாட்டேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது என்றாலும் பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, பாருங்கள். உங்கள் பேனா பட்டால் அது நகர்ந்துவிடும். அதை நகர்த்த ஒரு முறை இருக்கிறது.

என்னை எதற்கு அழைத்திருக்கிறீர்கள் என்று வரும் வழியிலேயே ஊகித்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் சரக்கு குறைகிறது என்று புகார் கொடுத்திருப்பார்கள். உண்மைதான். ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் தேவையான ரப்பர் தோல், கொஞ்சம் கரிப்பசை, ஒரு கரண்டி எண்ணெய், இரண்டு குட்டிப் பேட்டரிகள். வீட்டுக்கு எடுத்துப்போனேன். தங்கச்சிக்காக. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இருட்டுவதற்குள் என்னை அனுப்பிவிட்டால் போதும். அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். வெளியே பெஞ்சிலும் யாரோ காத்திருக்கிறார்கள். கதவின் கலங்கல் கண்ணாடியில் உருவம் தெரிகிறது. பாவம், அவர்களுக்கு என்ன அவசரமோ.

எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சரி.

ரப்பர் என்றால் எல்லோருக்கும் பலூன்தான் நினைவுக்கு வரும். எங்கள் ரப்பர் வேறு ரகம். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், விரலில் ஒட்டினால் ஒட்டியதே தெரியாது. நாங்கள் அதைத் தோல் என்போம். தோலைச் செய்து, இழுத்து, சட்டத்தில் கட்டுவது என் வேலை. அதனால் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் ‘தோல்கடை’ என்று பெயர். நல்ல எண்ணத்தோடுதான் கூப்பிடுவார்கள். இரண்டு தோல்களுக்கு நடுவே எண்ணெயை அடைத்து, ஓரத்தில் மட்டும் கரிப்பசை பூசி, மின்னழுத்தம் கொடுத்தால் ஓரம் அகலும், நடுப்பகுதி புடைக்கும். புடைத்தால் லென்ஸின் பார்வை கிட்டே வரும். மின்சாரத்தை நிறுத்தினால் பழையபடி தட்டையாகிவிடும், தூரம் தெளியும். ஒரே கண்ணாடியில் தெருவையும் பார்க்கலாம், புத்தகமும் படிக்கலாம். சக்கரத்தைத் திருப்பினால் போதும்.

தோலுக்கு ஒரு குணம் உண்டு. சட்டென்று ஒரேயடியாக மின்சாரம் கொடுத்தால் பொத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் எதற்கும் இணங்கிப்போகும். அதனால் சக்கரத்தை நாங்கள் இழை இழையாகத்தான் திருப்புவோம். ஓர் இழை என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். திருப்பிவிட்டுத் தோலுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். அது புது நிலைக்குப் பழகிய பிறகு இன்னோர் இழை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதுதான் பிடிபடாது. எல்லோருக்கும் காலில் வெந்நீர் ஊற்றிய அவசரம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயம் அதுதான். பேட்டரி தீர்ந்தால் லென்ஸ் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று எங்கள் தலைவருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. படிப்பவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள், ஆகையால் ஓய்வு நிலையில் கிட்டப்பார்வை இருக்கட்டும் என்றார் அவர். நான் விடவில்லை. "நடு ரோட்டுல பேட்டரி போச்சுன்னா போட்டிருக்கறவங்க என்ன சார் செய்வாங்க?" என்று கேட்டேன். அவர் வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். மின்சாரம் போனாலும் பார்வை போகக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் கூடத்தின் விதி. அந்த விதியை நான் என் வீட்டுக் கண்ணாடியிலும் மீறவில்லை. அது என் சுபாவம்.

தங்கச்சியைப் பற்றிக் கேட்கிறீர்கள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது அவள் மூன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே கண் மோசம். கண்ணாடியைக் கழற்றினால் தன் கைவிரலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு உலகமே கிடையாது. சோடாபுட்டி, சோடாபுட்டி என்று பள்ளிக்கூடமே கேலி செய்யும். அந்தக் கனத்துக்கு மூக்கில் புண் வந்துவிடும். நான் பஞ்சு வைத்துக் கட்டிவிடுவேன். சாலையைக் கடக்கும்போது என் கையை முழுதாகப் பிடிக்க மாட்டாள், இரண்டு விரலை மட்டும் பிடித்துக்கொள்வாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் நேரம் இல்லை. இதைத் தியாகம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

கண்ணாடியை நான் அன்பினால்தான் செய்தேன், மேடம். அதில் சந்தேகமே வேண்டாம். அவளுடைய பழைய சோடாபுட்டியை வாங்கி, அந்தக் கண்ணாடியையே இழைத்து மெலிதாக்கி, மேலே என் தோலைப் பொருத்தினேன். காதுப்பக்கம் சக்கரம், அதற்குப் பின்னால் பேட்டரி. முதல்முதலாகப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

"அண்ணா, எதிர் மாடியில துணி காயுது. க்ளிப்பு கூடத் தெரியுது."

அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அன்று மாலை செருப்பு வாங்கக் கடைக்குப் போனோம். எங்கள் வீட்டு முன்னால் பெரிய சாலை, நாலு பக்கமும் வண்டி. வழக்கம்போல இரண்டு விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். பாதிச் சாலை வந்ததும், "விடுங்க அண்ணா, எனக்குத் தெரியுது" என்று சொல்லி விரலை விட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள். நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. நான் நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இரண்டு விரலையும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் பாருங்கள், தானாகத் தேய்த்துக்கொள்கிறது. மன்னிக்கவும்.

கண் வந்ததும் அவளுக்குக் காலும் வந்துவிட்டது. ஒரு நாடகக் குழுவில் விளக்கு இயக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அரங்கத்தின் பின்வரிசைக்கும் பின்னால் ஒரு கூண்டு. அங்கிருந்து மேடையைப் பார்த்து விளக்கை ஏற்றி இறக்க வேண்டும். பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் கையைத் தூக்குவார், அதுதான் சைகை. நன்றாகச் செய்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். குழுவில் ஒரு தச்சர் இருந்தார், மேடைக்கு வீடு, மரம், படிக்கட்டு எல்லாம் செய்பவர். ஒருநாள் அவளை வீட்டில் விட வந்தவர், நான் கேட்காமலேயே எங்கள் சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்து அதன் ஆட்டத்தைச் சரி செய்துவிட்டுப் போனார். அந்த மேசை ஆடுவது எனக்கும் தெரியும். நான் சரி செய்வதாகத்தான் இருந்தேன். அவரைப் பற்றி எனக்கு வேறு மனக்குறை எதுவும் இல்லை.

பிறகு குழு வெளிநாடுகளுக்குச் சுற்றுப்பயணம் போவதாக முடிவாயிற்று. சாப்பிடும்போது சொன்னாள்.

"ரெண்டு வருஷம்தான் அண்ணா. போயிட்டு வந்துடுவேன்."

யார் யார் போகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும்தான் என்றாள். தச்சரும் உண்டா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். வீட்டிலும் வெளியிலும் இனிமேல் பாப்பா என்று கூப்பிடாதீர்கள், முப்பத்தொரு வயசாகிறது என்றும் அப்போதுதான் சொன்னாள். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். பூட்டிய கதவைத் திறந்து மறுபடி பூட்டினேன். ஷெல்பில் இருந்த டம்ளரையெல்லாம் எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்கினேன். யார் அவளுக்கு மூக்கில் பஞ்சு வைப்பார்கள் என்று யோசித்தேன். இந்தக் கண்ணாடிக்குப் பஞ்சு தேவையில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

காதுப்பக்கச் சக்கரம் தோலில் உரசுகிறது, சீக்கிரம் கிழிந்துவிடும் என்று சொல்லி அதை எடுத்துவிட்டேன். உரசியதா என்று கேட்காதீர்கள். உரசலாம். எந்தப் பொருளும் ஒருநாள் உரசும். அதற்குப் பதிலாக இந்தப் பெட்டியைச் செய்தேன். அவள் எதையும் எங்காவது வைத்துவிட்டுத் தேடுபவள், அதனால் பெட்டி என் பையிலேயே இருக்கட்டும் என்றேன். படிக்க வேண்டுமானால் சொல்லு, நான் மாற்றித் தருகிறேன் என்றேன். அவளுக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. பெட்டி சொல்வதைக் கண்ணாடி கேட்கும். கண்ணாடி திருப்பிப் பதில் சொல்லாது. அந்த வசதியும் வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், அதனால் வைக்கவில்லை.

ஓர் இழை திருப்பினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. தூரத்தில் இருப்பது கொஞ்சம் மங்கும். கிட்டே இருப்பதற்கு ஒரு குறையும் வராது. புத்தகம், தட்டு, தையல், என் முகம், எல்லாம் பளிச்சென்று தெரியும். நான் ஒன்றும் ஈவிரக்கமில்லாதவன் அல்ல. சில நாள் கழித்து இன்னோர் இழை. என்ன அண்ணா, எழுத்தெல்லாம் பஞ்சு மாதிரி தெரியுது என்று பஸ் பலகையைக் காட்டிச் சொன்னாள். வேலை அதிகம், தூக்கம் குறைச்சல் என்றேன். அதையும் நம்பினாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண்.

பயணத்துக்கு முன்பு இங்கே ஒரு நாடகம் போட்டார்கள். கடைசிக் காட்சியில் ஒரு கிழவர் சாக வேண்டும், மேடை இருளவேண்டும். பக்கத்திரையில் கை தூக்கியது பாப்பாவுக்குத் தெரியவில்லை. இருட்டு வந்துவிடும் என்று நம்பிச் செத்த கிழவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு நடந்திருக்கிறார். விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது. அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். எனக்கும் அவள் சொன்னபோது சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் வீட்டுக்கு வந்து முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவள் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள்.

கண் டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன். எதையும் மறைக்கிறவனாக இருந்தால் அழைத்துப்போவேனா? போகிற நாள் காலையில் சக்கரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். டாக்டரின் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை, மனசுக்குள் ஏதோ பயம் இருக்கிறது, ஊரைவிட்டுப் போக இஷ்டமில்லையோ என்னமோ என்றார் டாக்டர். வெளியே வந்ததும் படியில் நின்று, "எனக்கு நிஜமாவே தெரியல அண்ணா. நான் நடிக்கல" என்றாள். நான் உன்னை நம்புகிறேன் என்றேன். அந்த டாக்டர் சொன்னது எனக்கும் கொஞ்சம் சரியாகத்தான் பட்டது. போக இஷ்டமில்லை என்பது அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

கடைக் கண்ணாடி ஒன்று வாங்கிப் பார்க்கலாமா என்று அவளே ஒருமுறை கேட்டாள். என் முகம் வாடியதைப் பார்த்து அதோடு விட்டுவிட்டாள்.

ஆனால் அவள் பிடிவாதக்காரி. எங்கேயோ விசாரித்து வேறோர் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாள். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துத் தைப்பார்களாம், அப்புறம் கண்ணாடியே தேவைப்படாதாம். இவ்வளவு கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை மெல்லியது, அறுவை செய்தால் சிலருக்கு அது பிய்ந்துகொள்ளும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லத்தான் சொன்னார்கள். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. கண்ணாடியே வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவளுக்காக நான் செய்த கண்ணாடி.

அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பையில் கையை விட்டு, சக்கரத்தைத் திருப்பி, பார் பாப்பா, உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. சொல்லத்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்காருங்க சார், தரை தேயுது என்று நர்ஸ் கேலி செய்தார். சொன்னால் அவள் மனசு உடைந்துபோயிருக்கும், மேடம். ஆறுகிற காயம் வேறு, அண்ணன்மேல் வைத்த நம்பிக்கை வேறு. எனக்கு அவமானம் வரும் என்று நான் பயப்படவில்லை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை. நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டேன்.

முதலில் இடது கண். நன்றாகத்தான் நடந்தது. அவள் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "மின்னல் மாதிரி வெட்டுதுன்னு சொன்னாலோ, கரும்புள்ளி பறக்குதுன்னு சொன்னாலோ அந்த நிமிஷமே கூட்டிட்டு வந்துடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க." நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். சொட்டு மருந்து, சாப்பாடு, தலை வாரிவிடுவது, எல்லாம் நான்தான்.

கட்டுப் பிரித்த கண்ணால் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் பார்த்தாள். எதிர் மாடித் துணியை ஒவ்வொன்றாக எண்ணினாள். வலது கண்ணையும் முடித்துவிட்டால் குழு புறப்படுவதற்குள் தயாராகிவிடுவேன் என்று தச்சருக்குப் போன் செய்தாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, துணி கிழிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, இடது கண்ணு ஓரத்துல மின்னல் வெட்டுது."

"ஆறுற கண்ணு அப்படித்தான் இருக்கும். தூங்கு."

தூங்கினாள். உடம்பு விஷயத்தில் நான் சொன்னால் கேட்பாள். மறுநாள் கொசு மாதிரி ஏதோ பறக்கிறது என்றாள். சகஜம்தான் என்றேன். அதற்கு மறுநாள், மேலிருந்து திரை இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். நாடகக்காரி இல்லையா, அவளுக்கு அந்த வார்த்தைதான் வந்தது. அப்போது அழைத்துப்போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். ஏன் உடனே வரவில்லை என்று என்னைக் கேட்டார். பயந்துகொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டாள் என்றேன். பாப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். தான்தான் சொல்ல மறந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பாள். அந்த நாட்களில் அவளுக்குத் தன் நினைவின்மேலேயே நம்பிக்கை போயிருந்தது.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் திரும்பவும் என் கண்ணாடி.

குழு புறப்பட்டுப் போயிற்று. போவதற்கு முன் தச்சர் வந்தார், வாசலில் நின்றபடியே தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு அமைதி வந்தது, மேடம். மாலையில் நான் படித்துக் காட்டுவேன். சாலையைக் கடக்கும்போது விரலைப் பிடித்துக்கொள்வாள், அந்தப் பக்கம் போன பிறகும் விடமாட்டாள். சக்கரத்தை அவ்வப்போது ஓர் இழை திருப்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் எதற்கு என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. கை பழகிவிட்டது. அவள் மறுபடி எதிர் மாடியை எண்ண ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தவிப்பு எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. ராத்திரி அவள் அறைக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

போன மாதம் ஆய்வுக்கூடக் கண்காட்சிக்காக வெளியூர் போகவேண்டியதாயிற்று. இரண்டு பேட்டரிகளையும் மாற்றி மாற்றிச் சார்ஜில் போடுவது என் வேலை. கிளம்புகிற பரபரப்பில் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு, டாக்ஸி வந்துவிட்டது என்று ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் காலடி கேட்டும் திரும்பவில்லை. அழுதிருப்பாள் போல முகம் வீங்கியிருந்தது. தனியாக விட்டுப் போனதற்குக் கோபம் என்று நினைத்தேன். இனிமேல் பேட்டரியை நானே மாற்றிக்கொள்கிறேன் என்றாள். "அது ஒண்ணாவது நான் செய்யறேனே அண்ணா." சரி என்றேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜன்னலில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஏக்கம் வரக் கூடாது என்று, எதிரே சுவர் எழுப்பிவிட்டார்கள், இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். போன வாரம் திடீரென்று கேட்டாள்.

"அண்ணா, அந்தச் சுவர் என்ன நிறம்?"

"சாம்பல் நிறம்."

"உயரமா?"

"ரொம்ப உயரம். வானமே தெரியல."

எதிர் மாடியில் யாரோ ஒரு அம்மா சிவப்புப் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். பாப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தலையை ஆட்டினாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் பார்த்தாள். கிட்டே இருப்பது தெரியும் என்று சொன்னேனே. அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அந்த ஒருமுறைதான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. மேசைக்கு அடியில் பெட்டியை ஓர் இழை திருப்பிக்கொண்டேன்.

அது என்ன, மேடம்? அந்தக் கவர்.

எங்கள் பேட்டரிதான். என் கையால் கறுப்புப் பேனாவால் குறியிட்டது. இரண்டுமே இங்கே இருக்கின்றன. இரண்டுமே இங்கே இருந்தால் கண்ணாடியில் எது இருக்கிறது? போன மாதத்திலிருந்தே எதுவும் இல்லை என்கிறீர்கள். சரி. நான் ஊருக்குப் போகும்போது சார்ஜர் சுவிட்சைப் போட்டேனா என்று யோசிக்கிறேன். போடவில்லை. மாட்டிவிட்டுப் போனது பாதி செத்த பேட்டரி. அரை நாளில் தீர்ந்திருக்கும், தோல் மெல்ல மெல்லத் தட்டையாகியிருக்கும், தூரம் தெளிந்திருக்கும். தெளிந்திருக்க வேண்டும். அப்படித்தான் நான் செய்தேன். நடுச்சாலையில் பேட்டரி போனால் என்ன செய்வார்கள் என்று தலைவரிடம் சண்டை போட்டுச் செய்தது. வேலை செய்திருக்கிறது, பாருங்கள்.

அப்படியென்றால் நான் இத்தனை நாளும் திருப்பியதெல்லாம் வெறும் திருப்பல்தான். அவள் சுவரைக் கேட்டபோது சிவப்புப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை மேசைக்கு அடியில் போனதையும் பார்த்திருப்பாள்.

ஆய்வுக்கூடம் புகார் கொடுக்கவில்லை என்று இப்போது புரிகிறது. வெளியே பெஞ்சில் இருப்பவர் எழுந்துவிட்டார். தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து நிற்கிறார், இடது கண் இல்லாதவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். கலங்கல் கண்ணாடி, எனக்கு நன்றாகத் தெரியவில்லை. கதவைத் திறக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதெல்லாம் சரி. மின்னல் வெட்டுகிறது என்று அவள் என்னிடம் சொன்னாள், அதே நாளில் சொன்னாள், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் தூங்கச் சொன்னேன். அந்தக் கண்ணை எடுத்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஆனால் ஒன்று. காலையில் தனியாக பஸ்ஸில் வந்தாள் என்கிறீர்கள். அது இருக்காது, மேடம். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருக்கிறது, நடுவில் அவ்வளவு பெரிய சாலை. தச்சரும் ஊரில் இல்லை. பாப்பாவால் அந்தச் சாலையைத் தனியாகக் கடக்க முடியாது, அது எனக்குத் தெரியாதா? யாரோ கையைப் பிடித்திருக்கிறார்கள். யார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.